சிலேத்தார்: விமானத் தளம் தொழிற்பயிற்சிக் கூடமான வரலாறு

சிலேத்தார் என்பது சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி அமைந்துள்ள விமான நிலையமும் அதைச் சுற்றி வளர்ந்த விமானத் தொழிற்பூங்காவும் சேர்ந்த வட்டாரம். 1928இல் பிரிட்டிஷ் அரச விமானப்படையின் தளமாகத் தொடங்கியது. இன்று விமானிகள், பராமரிப்புப் பொறியாளர்கள், இயந்திரத் தொழில்நுட்பர்கள் ஆகியோரை உருவாக்கும் ஆசியாவின் முக்கியமான இடங்களில் ஒன்று. இதன் ஓடுபாதை 1,836 மீட்டர்தான். ஏ380 போன்ற பெருவிமானம் இங்கே வந்து போக அந்த நீளம் போதாது. ஆனால் ஏ380 ஓட்டும் விமானிகள் இங்கே பயில்கிறார்கள். அதன் இறக்கையில் தொங்கும் ட்ரெண்ட் 900 இயந்திரங்கள் இங்கே பூட்டப்பட்டிருக்கின்றன. விமான மையம் என்றாலே பயணிகள் எண்ணிக்கையையும் ஓடுபாதை நீளத்தையும் வைத்து அளப்பவர்கள் சிலேத்தாரை ஒருமுறை ஊன்றிப் பார்ப்பது நல்லது.

பழைய தளம்

1927 அக்டோபரில் இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து கிளம்பிய நான்கு சூப்பர்மரீன் சவுத்தாம்ப்டன் நீர்விமானங்கள் 1928 பிப்ரவரி இறுதியில் சிலேத்தாருக்கு வந்து சேர்ந்தன. கடலில் இறங்கும் வசதியும் தரையில் இறங்கும் வசதியும் ஒரே இடத்தில் கிடைத்ததால்தான் இந்த இடம் தேர்வானது. 1930 முதல் பயணிகள் விமானங்களும் இங்கேயே வந்தன. 1937இல் காலாங் விமான நிலையம் திறக்கும்வரை சிங்கப்பூருக்கு வானத்தின் வாசல் சிலேத்தார்தான். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜான்சன் 1930 மே மாதம் இறங்கியதும் இங்கேதான்.

தளத்துக்குள் அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை பங்களாக்கள், பிக்கடிலி, பார்க் லேன் என்று லண்டன் தெருப் பெயர்கள். வாசலுக்கு வெளியே ஜாலான் காயு. தளத்தில் வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் அந்தப் பக்கத்தில் குடியிருந்தார்கள். ஜாலான் காயு புரோட்டாக் கடைகளின் பெயர் நாடெங்கும் பரவியதற்கு அந்தக் குடியிருப்பும் ஒரு காரணம். விமானத் தொழிலின் வரலாற்றில் பெயர் வராத கைகள் அவை. இந்த மண்ணில் விமான வேலை பார்த்த முதல் தலைமுறையில் அவர்களுக்கும் இடம் உண்டு என்பதை எழுதி வைக்க வேண்டும்.

பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக 1968இல் அறிவித்தது. 1971க்குள் சிலேத்தார் சிங்கப்பூரின் கைக்கு வந்தது. பல்லாயிரம் உள்ளூர்த் தொழிலாளர்களின் பிழைப்பு படைத்தளங்களை நம்பியிருந்த காலம் அது. காலியான கொட்டகைகளையும் கைத்தொழில் தெரிந்த ஆட்களையும் என்ன செய்வது என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் கண்ட விடைகளில் ஒன்று, விமானப் பராமரிப்பு. நாட்டின் போர் விமானங்களைப் பராமரிக்க 1975இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்றைய எஸ்டி எஞ்சினியரிங்கின் விமானப் பிரிவு அதிலிருந்து வளர்ந்ததே.

வேலை முதலில், வகுப்பறை பிறகு

விமானப் பயிற்சி மையம் அமைக்க விரும்பும் நாடுகள் பெரும்பாலும் கட்டடத்தில் தொடங்குகின்றன. சிங்கப்பூரில் வரிசை வேறாக இருந்தது. 2000களின் நடுப்பகுதியில் அரசின் தொழில்மனை அமைப்பான ஜேடிசி கழகம் சிலேத்தாரைத் தொழிற்பூங்காவாக்கத் திட்டமிட்டபோது முதலில் கேட்ட கேள்வி, எந்த நிறுவனம் இங்கே வந்து என்ன வேலை செய்யும் என்பதுதான். ஓடுபாதை நீட்டப்பட்டது, சாலைகள் மாற்றி அமைக்கப்பட்டன, பழைய பங்களாக்களில் ஒரு பகுதி இடிபட்டது, மற்றவை புதுப்பிக்கப்பட்டன. பூங்கா 300 ஹெக்டருக்கு மேல் விரிந்தது.

2012 பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் தன் சிலேத்தார் வளாகத்தைத் திறந்தது. ட்ரெண்ட் இயந்திரங்களைப் பூட்டிச் சோதிக்கும் கூடம், அகன்ற விசிறித் தகடுகள் செய்யும் ஆலை, வட்டாரப் பயிற்சி நிலையம் மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்தன. அந்த விசிறித் தகட்டு ஆலை, பிரிட்டனுக்கு வெளியே அந்த நிறுவனம் அமைத்த முதல் ஆலை.

அந்தத் தகடு எப்படி உருவாகிறது என்று பார்த்தால், பயிற்சி ஏன் ஆலையை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது விளங்கும். மூன்று டைட்டானியத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். எங்கே ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டக்கூடாது என்பதை ஒரு பூச்சால் முன்கூட்டியே குறித்துவிடுகிறார்கள். மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் அவை அணுவோடு அணுவாகப் பிணைகின்றன. பிறகு 900 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில், ஒட்டாத இடங்களுக்குள் ஆர்கான் வாயுவைச் செலுத்தினால் தகடு பூரி போல உப்பிக்கொள்கிறது. நடுத்தாள் நீண்டு உள்ளே குறுக்குத் தாங்கிகளாக நிற்கிறது. வெளியே வருவது உள்ளீடற்ற, கனம் குறைந்த, பறவை மோதினாலும் தாங்கக்கூடிய ஒரு தகடு. இந்த வேலையில் கைதேர்ந்தவரைப் பாடப்புத்தகம் உருவாக்காது. உலைக்கு முன்னால் நின்று, கழித்துப் போடப்பட்ட தகடு ஏன் கழிந்தது என்று அதைச் செய்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர்தான் தேறுவார்.

பிராட் அண்ட் விட்னி நிறுவனமும் இதே பூங்காவில் விசிறித் தகடுகளும் சுழலி வட்டுகளும் செய்யும் ஆலையை அமைத்தது. ஹெலிகாப்டர் பராமரிப்பும் தனியார் ஜெட் பராமரிப்பும் ஏற்கெனவே இங்கே இருந்தன. இப்படி வேலை குவிந்த பிறகு, பயில்பவர் காலையில் படித்ததை மாலையில் கண்ணால் பார்க்க வாய்ப்பு ஏற்பட்டது.

கையெழுத்துக்கு உள்ள மதிப்பு

ஒரு விமானம் பராமரிப்பு முடிந்து பறக்கத் தகுதியானது என்று சான்றளித்து ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் அது நகராது. கையெழுத்திடும் உரிமையைத் தருவது உரிமம். சிங்கப்பூரில் அதை வழங்குவது சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். இந்த உரிம முறை ஐரோப்பிய முறையை ஒத்தது: ஏ பிரிவு சிறு பணிகளுக்கு, பி1 இயந்திரமும் உடற்கட்டும் சார்ந்தவற்றுக்கு, பி2 மின்னணு அமைப்புகளுக்கு, சி பிரிவு முழுப் பராமரிப்புக்குப் பின் விமானத்தை விடுவிக்க.

தேர்வுகளில் கணிதம், மின்னியல், காற்றியக்கவியல் ஆகியவற்றோடு மனிதக் காரணிகள் என்றொரு பாடமும் உண்டு. தூக்கமின்மை, அவசரம், முந்தைய ஷிஃப்ட் விட்டுப்போன பாதி வேலையை அடுத்த ஷிஃப்ட் முடிந்ததாக நினைத்துவிடுவது ஆகியவை அதில் வருகின்றன. எந்த இயந்திரப் பாடத்துக்கும் குறையாத எடை அதற்குக் கொடுக்கப்பட வேண்டும். பராமரிப்புப் பிழைகள் பல திருகாணியில் தொடங்குவதில்லை, களைப்பில் தொடங்குகின்றன. தேர்வு முடிந்தும் உரிமம் உடனே கைக்கு வராது. இயங்கிக்கொண்டிருக்கும் விமானங்களில் பல ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், அதன்மேல் குறிப்பிட்ட வகை விமானத்துக்குரிய தனிப் பயிற்சியும் வேண்டும். பயிற்சி மையம் விமான நிலையத்தோடு பிணைந்திருக்க வேண்டியதன் சட்ட அடிப்படை இதுவே. விமானமே வராத ஊரில் வகுப்பு நடத்தலாம்; உரிமத்துக்கு வேண்டிய அனுபவத்தை அங்கே தர முடியாது.

அடியில் இருந்து ஆட்களைத் தருபவை பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2005இல் வான்வெளிப் பொறியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் திட்டங்கள் பிறகு வந்தன. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வழி எவ்வளவு பெரிய உதவி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆறு கால்களில் ஆடும் அறை

2016 ஏப்ரலில் ஏர்பஸ் ஆசியப் பயிற்சி நிலையம் சிலேத்தாரில் முறைப்படி திறக்கப்பட்டது. இதில் ஏர்பஸுக்கு 55 விழுக்காடு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 45 விழுக்காடு பங்கு. ஏ320 முதல் ஏ380 வரையிலான விமானங்களுக்குச் சிமுலேட்டர்கள் இங்கே உள்ளன. முழுமூச்சில் இயங்கும்போது ஆண்டுக்கு 10,000க்கு மேற்பட்டோருக்குப் பயிற்சி தரும் அளவில் நிலையம் திட்டமிடப்பட்டது.

முழுப் பறப்புச் சிமுலேட்டர் என்பது ஆறு இயங்குகால்களின் மேல் நிற்கும் ஒரு விமானி அறை. உள்ளே உள்ள பொத்தான்களும் திரைகளும் அசல் விமானத்தில் உள்ளவையே. வேகமெடுக்கும் உணர்வைத் தர அறை மெதுவாகப் பின்னால் சாய்கிறது. சுற்றியுள்ள உண்மையான இடம் தெரியாதபடி திரை மறைத்திருப்பதால், உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சாய்வு முதுகை அழுத்தும் வேகமாகத் தோன்றுகிறது. பின் இருக்கையில் அமர்ந்த பயிற்றுநர் ஒரு திரையைத் தொட்டால் இயந்திரம் தீப்பிடிக்கும், ஓடுபாதையில் மூடுபனி இறங்கும், ஒரு பக்கத்து ஹைட்ராலிக் அழுத்தம் போய்விடும். உயர்தரச் சான்று பெற்ற சிமுலேட்டரில், அனுபவமுள்ள விமானி ஒரு வகை விமானத்திலிருந்து இன்னொரு வகைக்கு மாறும் பயிற்சியை முழுவதும் தரையிலேயே முடிக்க விதிகள் அனுமதிக்கின்றன. அவர் அந்த விமானத்தை முதல்முறை நிஜமாக ஓட்டும்போது பின்னால் பயணிகள் இருப்பார்கள், பக்கத்து இருக்கையில் பயிற்சி கேப்டன் இருப்பார்.

இந்தத் தொழில் நிலைப்பதற்கு இன்னொரு காரணம், விமானியின் பயிற்சிக்கு முடிவே இல்லை என்பது. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு விமானியும் சிமுலேட்டருக்குத் திரும்பி வந்து தகுதியைக் காட்டியாக வேண்டும். ஆகவே சுற்றிலும் விமான நிறுவனங்கள் நிறைந்த ஊரில், நல்ல விமானத் தொடர்புள்ள இடத்தில் சிமுலேட்டர் வைத்தால் வாடிக்கையாளர் ஆண்டுக்கு இருமுறை தானாக வருவார். போயிங் விமானங்களுக்கான பயிற்சிக்கு இதேபோல் கனடாவின் சிஏஇ நிறுவனமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சமபங்கில் ஒரு கூட்டு நிறுவனத்தைச் சாங்கி விமான நிலையத்தின் அருகே நடத்துகின்றன.

வானம் போதாத ஊர்

சிலேத்தாரின் குறையையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்த் தீவை ஜெட் விமானம் சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்தச் சிறு வானத்தைப் பயணிகள் விமானங்களும் போர் விமானங்களும் அண்டை நாட்டு எல்லையும் பங்கிட்டுக்கொள்கின்றன. புதிதாகப் பறக்கக் கற்பவருக்கு நூற்றுக்கணக்கான மணி நேர வெற்று வானம் வேண்டும். அது இங்கே இல்லை. 1988இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடங்கிய பறப்புக் கல்லூரி சிலேத்தாரில் பாடம் நடத்தினாலும், பறக்கும் பயிற்சிக்கு மாணவர்களை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜண்டகோட்டுக்கு அனுப்பியது. இளையர்களுக்கான பறப்புக் கழகம் சிலேத்தாரில் இயங்குகிறது. ஆனால் தொழில்முறை விமானியின் தொடக்கப் பறப்பு பெரும்பாலும் வெளிநாட்டில்தான்.

எல்லை நெருக்கம் 2018 இறுதியில் வெளிப்படையாகத் தெரிந்தது. சிலேத்தாருக்குக் கருவி வழித் தரையிறங்கும் முறை அறிவிக்கப்பட்டபோது, அதனால் தன் பக்கத்தில் உள்ள பாசிர் கூடாங்கில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு வரும் என்று மலேசியா எதிர்ப்புத் தெரிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் அந்த முறையை விலக்கிக்கொண்டது. அதே மாதம் மலேசியாவின் ஃபயர்ஃபிளை விமானங்கள் சிலேத்தாருக்கு வரத் தொடங்கின. இயந்திரமும் சிமுலேட்டரும் எல்லையைத் தொடுவதில்லை, பறக்கும் பாதை தொடுகிறது. சிலேத்தார் தரையில் செய்யும் பயிற்சியில் சிறந்து விளங்குவதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

சாங்கிப் பக்கம்

பயிற்சி சிலேத்தாரோடு நிற்கவில்லை. 1958இல் தோன்றிய சிங்கப்பூர் விமானப் பயிற்சிக் கழகம் சாங்கி வட்டாரத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், தீயணைப்பாளர்கள், பிற நாட்டு ஒழுங்குமுறை அதிகாரிகள் ஆகியோருக்குப் பாடம் நடத்துகிறது. 1996இல் அதற்கு அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் எட்வர்ட் வார்னர் விருது கிடைத்தது. வளரும் நாடுகளின் அதிகாரிகளுக்கு உதவித்தொகையுடன் இடம் தருவது இக்கழகத்தின் நல்ல மரபு. ஒரு நாட்டின் விமானப் பாதுகாப்பு, அதன் விமானம் மறுமுனையில் உள்ள ஊரில் இறங்கும்போது அங்குள்ளவர்களின் திறனையும் சார்ந்தது என்பதால், இதைத் தானமாகக் கருத வேண்டியதில்லை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பயிற்சி நிலையத்தில் விமானப் பணியாளர்கள் அவசரச் சறுக்குப் பாதையில் குதித்துப் பழகுகிறார்கள். செயற்கை அலை எழுப்பும் குளத்தில் மிதவைப் படகில் ஏறப் பழகுகிறார்கள். கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் அந்நிறுவனம் தன் கொள்ளளவில் 96 விழுக்காட்டை நிறுத்தி, துணை நிறுவனமான சில்க்ஏரையும் சேர்த்து இருந்த 147 விமானங்களில் ஏறத்தாழ 138ஐத் தரையில் நிறுத்தி வைத்தது. அவ்வாண்டு நவம்பரில் அந்தப் பயிற்சி நிலையம் பொதுமக்களுக்குக் கட்டணத்துடன் திறந்துவிடப்பட்டது.

ஆள் பலம்

கொரோனா காலத்தில் விமானத் தொழிலை விட்டுப் போன தொழில்நுட்பர்கள் பலர் திரும்பவில்லை. உரிமம் பெற்ற ஒருவர் போனால் அந்த இடத்தை நிரப்பப் பல ஆண்டு ஆகும். ஆள் எடுக்கும் விளம்பரத்தால் அந்தக் காலத்தைச் சுருக்க முடியாது. உலக விமானப் பராமரிப்பு வேலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிங்கப்பூரில் நடப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அவ்வளவு வேலையை உள்ளூர் இளையர்களை மட்டும் வைத்துச் செய்ய முடியாது. மலேசியா, பிலிப்பீன்ஸ், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் இத்தொழிலில் தோளோடு தோள் நிற்கிறார்கள். இரவு ஷிஃப்ட், கொட்டகைச் சூடு, எண்ணெய்க் கை என்று தயங்கி, கல்லூரியில் விமானப் பொறியியல் படித்தபின் அலுவலக வேலைக்குப் போகும் மாணவர்களும் உண்டு. சம்பளமும் ஷிஃப்ட் ஒழுங்கும் சீரானால்தான் இந்த ஒழுக்கு நிற்கும். புதிய வகுப்பறைகள் கட்டுவதால் நிற்காது.

2025 மே மாதம் சாங்கியின் ஐந்தாம் முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2030களின் நடுப்பகுதியில் திறக்கவிருக்கும் அது, ஆண்டுக்கு 5 கோடிப் பயணிகளைக் கையாளும். அங்கே நிற்கப்போகும் விமானங்களுக்குக் கையெழுத்திட வேண்டியவர்களில் பலர் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். உரிமத்துக்கு ஆகும் ஆண்டுகளைக் கணக்கிட்டால், அவர்களைச் சேர்க்கும் வேலை இப்போதே நடந்தாக வேண்டும்.