ஆரன் ஃப்ரிக்: 1980-ல் ஒரு பள்ளி நடனம்

பி.காம் படிக்கிறவனுக்கு அமெரிக்கக் கோர்ட் தீர்ப்போடு என்ன வேலை என்று கேட்பீர்கள். பிசினஸ் லா பேப்பருக்காக ஒரு தீர்ப்பை எப்படிப் படிப்பது என்று பழகலாமே என உட்கார்ந்தேன். ஒப்பந்தம், இழப்பீடு என்று தேடிப் போனவன் எங்கெங்கோ சுற்றி, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் ஒரு பள்ளிக்கூட நடன வழக்கில் போய் மாட்டிக்கொண்டேன். வழக்கின் பெயர் 'ஃப்ரிக் எதிர் லிஞ்ச்', வருடம் 1980. சின்னத் தீர்ப்புதான். ஆனால் அன்று ராத்திரி ஒப்பந்தச் சட்டம் ஒரு வரிகூடப் படிக்கவில்லை!

அங்கே பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு நடன விருந்து நடக்கும். நம் ஃபேர்வெல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு வித்தியாசத்தோடு. அங்கே ஜோடியாகப் போவதுதான் வழக்கம். யார் யாரோடு போகிறார்கள் என்பது பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் தன்பாலீர்ப்பு உள்ள ஒரு பையனுக்கு அந்த விருந்து ஒரு பரீட்சை மாதிரி. ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு போய் நடிக்கலாம். காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

கம்பர்லேண்ட் உயர்நிலைப் பள்ளியில் முதலில் உண்மையைச் சொன்னது ஆரன் இல்லை, பால் கில்பர்ட் என்ற அவனுடைய நண்பன். 1979 ஏப்ரலில் ஒரு பையனோடு நடனத்துக்கு வர அனுமதி கேட்டான். பள்ளி முதல்வர் ரிச்சர்ட் லிஞ்ச் மறுத்தார். விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. மாணவர்கள் பாலைக் கேலி செய்தார்கள், துப்பினார்கள், ஒருவன் அறைந்தான். கடைசியில் அவன் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு நடக்கும்போது முதல்வரோ துணை முதல்வரோ கூடவே நடக்க வேண்டியிருந்தது. நடனத்துக்கு அவன் போகவில்லை. பிறகு நியூயார்க்கில் வசிக்கப் போய்விட்டான்.

இதையெல்லாம் ஆரன் பக்கத்தில் இருந்தே பார்த்தான். நண்பனுக்கு ஆதரவாகவும் நின்றான். ஆனால் தானும் அப்படித்தான் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதற்காக அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு முழு மாதிரியே கண்முன் நடந்திருக்கிறது. அந்த மாநிலத்தில் ஓரினப் புணர்ச்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டம் நீக்கப்பட்டதே 1998-ல்தான். பதினேழு பதினெட்டு வயதில் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஒரு முடிவுதான். பலருக்கு அதுதான் சரியான முடிவாகவும் இருந்திருக்கும்.

1980 ஏப்ரலில், இறுதியாண்டு நிகழ்ச்சிகள் பற்றிப் பள்ளியில் கூட்டம் நடந்த சமயத்தில், ஆரன் மனசு மாறியது. ஒரு ஆண் துணையோடு வர அனுமதி கேட்டான். மறுத்தார்கள். அடுத்த வாரம் யாரைத் துணைக்கு அழைத்தான் தெரியுமா? அதே பாலை! நியூயார்க்கிலிருந்து வர அவனும் ஒப்புக்கொண்டான்.

ஏன் இந்தப் பிடிவாதம்? கோர்ட்டில் ஆரன் சொன்ன காரணம் எளிமையானது. மற்ற மாணவர்களைப் போலத் தனக்கும் கலந்துகொள்ள உரிமை இருக்கிறது. ஒரு பெண்ணை அழைத்துப் போனால் அது தன் இயல்புக்கு நேர்மையாக இருக்காது. தான் போவதில் சம உரிமைக்கான ஒரு அரசியலும் இருக்கிறது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டான்.

சினிமாவாக இருந்தால் முதல்வர் லிஞ்சை வில்லனாக்கியிருப்பார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. இரண்டு பையன்களுக்கும், குறிப்பாக பாலுக்கு, அடி விழும் என்று அவர் நிஜமாகவே பயந்தார். வன்முறைக்கு வாய்ப்பே இல்லையென்றால் அனுமதித்திருப்பேன் என்று கோர்ட்டிலும் சொன்னார். நீதிபதியும் அவருடைய நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை. எனக்கு அதிகம் உறுத்தியது இந்த இடம்தான். நம் வீடுகளிலும் "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், இதெல்லாம் வெளிய சொல்லாத" என்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர்கள் பயம் நிஜம். அந்த பயத்துக்கு விலை கொடுப்பது மட்டும் வேறொருவர்.

அந்த பயம் பொய்யில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. வழக்குப் போட்ட செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகு ஒரு மாணவன் ஆரனைப் பிடித்துத் தள்ளினான். மறுநாள் முகத்தில் குத்தினான். வலது கண்ணுக்குக் கீழே ஐந்து தையல். அடித்தவனுக்கு ஒன்பது நாள் சஸ்பென்ஷன். ஆரனுக்குப் பள்ளி வாசலுக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடமும், வகுப்புக்கு வகுப்பு ஒரு காவலும் கிடைத்தன. பாலுக்கு நடந்தது அப்படியே திரும்ப நடந்தது. ஆனால் இந்த முறை அவன் விலகவில்லை.

நீதிபதி ரேமண்ட் பெட்டின் 1980 மே 28 அன்று தீர்ப்பு சொன்னார். 1969-ல் வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களுக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் கொடுத்த டிங்கர் தீர்ப்பை எடுத்துக்கொண்டார். பாலோடு போவது ஆரனைப் பொறுத்தவரை ஒரு கருத்தைச் சொல்வது, அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றார். மற்றவர்கள் கலாட்டா செய்வார்கள் என்பதற்காக ஆரனை நிறுத்தினால், கலாட்டா செய்பவர்கள் கையில் தடை அதிகாரத்தைக் கொடுத்தது போலாகிவிடும். பாதுகாப்புக்கு ஆள் போடுங்கள், அவன் வரட்டும் என்றார். எங்கள் பாஷையில் சொன்னால், செலவு இத்தனை நாளும் தப்பான கணக்கில் எழுதப்பட்டு வந்தது. அடிக்கிறவன் கணக்கில் எழுத வேண்டியதை அடி வாங்குகிறவன் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, மே 30 அன்று நடனம். ஆரனும் பாலும் போனார்கள், ஆடினார்கள்.

இதோடு எல்லாப் பள்ளியும் திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். சரியாக முப்பது வருடம் கழித்து, 2010-ல், மிசிசிப்பி மாநிலத்தில் கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற பெண் தன் தோழியோடு வரக் கேட்டபோது பள்ளி நிர்வாகம் நடனத்தையே ரத்து செய்தது. அவளுடைய உரிமை மீறப்பட்டது என்று கோர்ட் சொன்னது, ஆனால் நடனத்தை நடத்தச் சொல்லி உத்தரவிடவில்லை. பிறகு நடந்த விருந்துக்கு அவள் போனாள். அங்கே வந்திருந்தவர்கள் ஏழு மாணவர்கள். மற்றவர்கள் வேறு இடத்தில் தனியாக விருந்து நடத்திக்கொண்டிருந்தார்கள்! கடைசியில் 35,000 டாலர் கொடுத்து நிர்வாகம் சமரசம் செய்துகொண்டது.

ஆரன் 1981-லேயே தன் கதையைப் புத்தகமாக எழுதிவிட்டான். ஆனால் நான் அடுத்துத் தேடிப் படிக்க நினைப்பது அதை இல்லை. 1991-ல் அவனும் அவன் அப்பா வால்டரும் சேர்ந்து எழுதிய இன்னொரு புத்தகம். மகன் வெளியே சொன்ன பிறகு அப்பாவும் மகனும் என்ன ஆனார்கள் என்பதை இரண்டு பேருமே அதில் எழுதியிருக்கிறார்கள். கோர்ட் தீர்ப்பில் அப்பாவுக்கு வேலையே இல்லை.