கம்பமும் காங்கோ சதுக்கமும்

ஜாஸ் சங்கீதத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி எதுவும் கிடையாது. வாத்தியம் தெரியாது, மேற்கத்திய ஸ்வரக் குறியீடு படிக்கத் தெரியாது. திருப்பூரில் ஒரு நண்பரின் அறையில், கிங் ஆலிவர் கோஷ்டி 1923-இல் பதிவு செய்த பாட்டுகளைக் கேட்டேன். இரண்டாவது கார்னெட் வாசித்தவர் அப்போது இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத லூயி ஆர்ம்ஸ்ட்ராங். அறையில் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் எழுதுகிறவர்கள். ஆகவே கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் யோசனையை வரவழைத்துக்கொண்டு கேட்டோம். என் வலது கால் மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு உடன்படவில்லை. கார்னெட்டும் கிளாரினெட்டும் டிராம்போனும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சந்தைக்கடையில் மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தபோது, அது தன்பாட்டுக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பழக்கம் அதற்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்ததில் விளைந்தது இது.

கொங்கு நாட்டு மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டியதும் கம்பம் நடுவார்கள். மூன்று கிளை பிரிந்த மரத்துண்டு. அம்மனின் புருஷன் அது என்பது ஐதீகம். காலையில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரவில் இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். நோன்பு முடிந்ததும் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கரூரில் அமராவதியில், ஈரோட்டில் காவிரியில், ஆறு இல்லாத ஊர்களில் கிணற்றில்.

கம்பத்தாட்டத்துக்கு மேடை இல்லை. பார்வையாளன் என்றொரு ஜாதியும் இல்லை. நின்று பார்ப்பவன் இன்னும் ஆட ஆரம்பிக்காதவன், அவ்வளவுதான். முதலில் ஓரமாக வைக்கோல் எரியும். தப்பட்டையை அதில் காட்டிக் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். இடது கையில் மெல்லிய நீளக் குச்சி, வலது கையில் கட்டைக் குச்சி. தோல் பதமாகிவிட்டதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒற்றைத் தட்டுக்கே வயிற்றில் ஏதோ அசையும். பிறகு உருமி. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருவதை ஒலி என்று சொல்வதைவிட, மிருகம் ஒன்று தொண்டையைச் செருமுவது என்று சொன்னால் பொருந்தும். யாரும் யாரையும் ஆட வா என்று கூப்பிடுவதில்லை. அடி மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். வட்டம் நகரும். வேட்டியை மடித்துக் கட்டியவர்களும், வெட்கப்பட்டவர்களும், பள்ளிக்கூட வாத்தியாரும் உள்ளே போயிருப்பார்கள். அடி மாறும் கணத்தில் வட்டம் மொத்தமும் ஒரு சேரத் திரும்பும். யார் முதலில் திரும்பினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்குப் பத்து வயதில் அந்த வட்டத்தில் கால் புழுதியாகி, மறுநாள் பாதம் வெடித்து நடக்க முடியாமல் கிடந்திருக்கிறேன். என் கல்வியில் உருப்படியானது அதுதானோ என்று சில சமயம் தோன்றுகிறது.

அமெரிக்காவில் அடிமைகளுக்கு இது எளிதில் கிடைக்கவில்லை. தென் கரோலினாவில் 1739-இல் நடந்த அடிமைக் கிளர்ச்சிக்கு அடுத்த வருஷமே, அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. தோலுக்குள் என்ன இருக்கிறதென்று ஆண்டைக்குத் தெரிந்திருந்தது. நியூ ஆர்லியன்ஸில் நிலைமை சற்று வேறு. அங்கே 1817-இல் வந்த நகர உத்தரவு, ஞாயிற்றுக்கிழமை மட்டும், மேயர் காட்டும் இடத்தில் மட்டும் அவர்கள் கூடலாம் என்றது. அப்படி அமைந்த இடத்துக்குக் காங்கோ சதுக்கம் என்று பெயர் நின்றுவிட்டது. வாரத்தில் ஆறு நாள் பிறருக்கான உடம்பு, ஏழாவது நாள் வட்டமாக நின்று தன்னை எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிறு ஒரு நாள் மூச்சுவிடும் பனியன் கம்பெனி ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் பொய்யாகிவிடும்.

அதே ஊரில் பித்தளை வாத்தியக் கோஷ்டிகள் பிரேதத்துக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகும். சுடுகாடு மட்டும் ஒப்பாரி போன்ற நடை. புதைத்துத் திரும்பும்போது அதே கோஷ்டி துள்ளும். பின்னால் வரும் ஜனங்களுக்கு ‘இரண்டாம் வரிசை’ என்று பெயர். குடையைச் சுழற்றிக்கொண்டு, கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு ஆடி வருவார்கள். சாவுக்கும் சாமிக்கும் ஒரே தப்பட்டையை வைத்திருக்கும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஜாஸும் ஒரு கட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. யுத்த காலத்தில், 1944-இல், நடனத்துக்கு இடம் தரும் கேளிக்கை விடுதிகளுக்கு அமெரிக்க அரசு முப்பது சதவீத வரி போட்டது. ஆடாமல் வெறும் வாத்தியம் மட்டும் கேட்டால் வரி இல்லை. ஒரு கலை ‘தூய்மை’ அடைந்ததில் வரிக்கும் பங்கு இருந்திருக்கிறது. ஆழ்ந்த ரசனை பற்றிப் பேசும் நம்முடைய விமர்சகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை 1958-இல் டேவ் புரூபெக்கையும் 1963-இல் டியூக் எல்லிங்டனையும் சென்னைக்கு அனுப்பியபோது வந்தது, உட்கார்ந்து கேட்கும் ஜாஸ். சென்னை சபாக்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது. ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்த தொல்காப்பியத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறோம்; பறை கேட்டால் சபை நாகரிகம் கருதி எழுந்து போய்விடுகிறோம்.

இதுவரை எழுதியதில் ஒரு வசதியான மறதி இருக்கிறது. அடித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எங்கள் ஊரில் அடித்தவர்கள் அருந்ததியர். வட்டத்துக்கு வெளியே நின்று அடிப்பார்கள். கோயிலுக்குள் வரக் கூடாது. விடியற்காலையில் அவர்களுக்குக் காபி தனிக் குவளையில், கை படாமல் தூக்கி ஊற்றப்படும். நான் பார்த்திருக்கிறேன். என் கால்களுக்குத் தாளம் கற்றுக்கொடுத்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவரைக் கூப்பிட்டது பெயரால் அல்ல. எல்லிங்டன் 1927 முதல் வாசித்த ஹார்லெமின் காட்டன் கிளப்பிலும் இதே விவகாரம்தான். மேடையில் கறுப்பர்கள், மேஜைகளில் வெள்ளையர் மட்டும். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிக்கக் கூடாதென்று லூயிசியானா 1956-இல் சட்டம் கொண்டுவந்ததால், ஆர்ம்ஸ்ட்ராங் 1965 வரை சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸில் வாசிக்கப் போகவில்லை.

அந்தத் தப்பட்டைக்காரரின் மகன் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நண்பர்கள் நடத்திய இலக்கியக் கூட்டத்தில் அவரை வாசிக்கச் சொல்லலாம் என்று தோன்றி, போய்க் கேட்டேன். ஜாஸ் பற்றியும் சொன்னேன் என்று நினைக்கும்போது இப்போது கூச்சமாக இருக்கிறது. அவர் கத்தரித்த துணியை அடுக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “உங்களுக்குக் கால் ஆடுதுங்க. எங்கப்பனுக்கு விடிய விடிய அடிச்சுக் கை மரத்துப்போகுமுங்க. ரெண்டும் ஒரே சங்கீதம்னு எழுதிப்போடாதீங்க.” பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் தொடாத அந்தத் தோலை வேறு சிலர், அது எங்கள் கலை, இழிவு உங்களுடையது என்று சொல்லிக் கையில் எடுத்திருக்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் வள்ளி ஒயில்கும்மிக்காகக் கோவைப் பகுதியின் பத்ரப்பனுக்கு. இரண்டு செய்தியையும் சந்தோஷமாகத்தான் படித்தேன். ஆனால் கட்டிங் மாஸ்டர் சொன்னதற்கு விருது பதில் ஆகாது. அடிப்பதற்கு இருக்கும் சுதந்திரம் அடிக்க மறுப்பதற்கும் இருந்தால்தான் அது கலை, இல்லாதவரை ஊழியம்.

போன பங்குனியில் பல்லடம் பக்கத்து ஊர் ஒன்றின் கம்பத்துக்குப் போயிருந்தேன். அடிப்பவர்கள் வெளியூர் ஜமாப் கோஷ்டி. முதுகில் கோஷ்டியின் பெயர் அச்சிட்ட பனியன், முன்பணம், போக வர வேன். மூன்று மணி நேரம் என்று பேச்சு. உருமி செருமியது, நான் வயதை மறந்து இறங்கினேன். வட்டம் உச்சத்துக்கு வந்து அடி மாறப்போகிற சமயத்தில் தலைவர் குச்சியை இடுப்பில் செருகிவிட்டார். கால்கள் அந்தரத்தில் நின்றன. இன்னும் ஒரே ஒரு அடி என்று பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சினார்கள். அவர் செல்போனை எடுத்து மணியைக் காட்டினார்.