மூன்று சல்லடைகள்: 'ஃபைனல் ஃபேன்டஸி 7' மறுஆக்கத்தின் வெளியீட்டுக் காலமும் ஆட்டக்காரர் வட்டமும்

1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' விற்பனைக்கு வந்தபோது ஒரே பெட்டிக்குள் மூன்று குறுந்தகடுகள் இருந்தன. ஏரித் என்னும் பாத்திரம் கொல்லப்பட்ட சற்று நேரத்தில் முதல் தகடு முடியும். பிளேஸ்டேஷனின் மூடியைத் திறந்து அடுத்ததைப் போட்டால் கதை தொடரும். மறுஆக்கத்திலோ அந்த மரணக் கட்டத்தை எட்ட இரண்டு விளையாட்டுகளை வாங்கவும், இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டு காத்திருக்கவும் நேர்ந்தது. தொடர்ச்சியாக வரும் மறுஆக்கத்தில் அடுத்த பாகத்தின் விற்பனைக்குப் பெருமளவு வரம்பு கட்டுவது முந்தைய பாகத்தை முடித்தவர்களின் தொகையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் பாகமான 'ரீமேக்' 2020 ஏப்ரல் 10 அன்று பிளேஸ்டேஷன் 4-இல் வெளியானது. அக்கருவி அதற்குள் 10 கோடிக்கு மேல் விற்றிருந்தது. முதல் மூன்று நாளில் 35 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயின. அட்டையில் 'முதல் பாகம்' என்ற குறிப்பே இல்லை. ஏழு மாதத்தில் பிளேஸ்டேஷன் 5 வந்தது. இரண்டாம் பாகமான 'ரீபர்த்' 2024 பிப்ரவரி 29 அன்று அதில் மட்டுமே வெளியானது. அக்கருவியின் விற்பனை 5 கோடியைத் தாண்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கணினிக்கு அது 2025 ஜனவரி 23 அன்றுதான் வந்தது. ஆக, 'ரீபர்த்'தின் இயல்பான ஆட்டக்காரர் மூன்று சல்லடைகளைக் கடந்தவர்: முதல் பாகத்தை வாங்கியவர், முடித்தவர், புதுக் கருவியும் வைத்திருப்பவர்.

வெளியீட்டாளரான ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் இதை அறியாமலில்லை. 'ரீமேக்' சேமிப்புக் கோப்பு வைத்திருப்பவருக்கு 'ரீபர்த்' தரும் பரிசு லெவியாதன் என்னும் அழைப்புக் கல். சேர்த்துவைத்த நிலைகள் கூட வருவதில்லை. பழைய ஆட்டக்காரரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே படியில் தொடங்குகிறார்கள். முன்கதைச் சுருக்கக் காணொளியும் உண்டு. ஆனால் மூல விளையாட்டில் சில மணி நேரத்தில் கடந்த மிட்கார் நகரை 'ரீமேக்' ஒரு முழு விளையாட்டாக விரித்திருக்கிறது. ஏரித்தோடு அங்கே வளர்ந்த நெருக்கத்தைச் சில நிமிடச் சுருக்கம் ஈடுகட்டாது.

ஒரே கருவிக்கான வெளியீடு தொழில்நுட்பக் கவனத்தைக் குவிக்கிறது, 1997-இன் ரசிகர்களே போதும் என்று மறுப்போர் உண்டு. ஆனால் 'ரீபர்த்'தின் லாபம் எதிர்பார்த்தபடி இல்லை என்று 2024-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. தனிக்கதையான 'ஃபைனல் ஃபேன்டஸி 16'-க்கும் அதே நிலை என்பதால், பழியைப் பாகப் பிரிவின் மேல் மட்டும் போட இயலாது. கருவிச் சல்லடை இரண்டுக்கும் பொது. 'ரீபர்த்' கூடுதலாக இன்னும் இரண்டைச் சுமந்தது. அவ்வாண்டு மே மாதம் அறிவித்த திட்டத்தில், பெரிய தலைப்புகளைப் பல கருவிகளுக்குக் கொண்டுபோவதென நிறுவனம் முடிவெடுத்தது.

2026 ஜனவரி 22 அன்று முதல் பாகம் ஸ்விட்ச் 2-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளுக்கும் வந்ததை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். உயிர் அளவு குறையாமலே ஆடவிடும் வசதியும் அதில் உண்டு. கருவி மாற்றம் மூன்றாம் சல்லடையைத் தளர்த்துகிறது. இவ்வசதி இரண்டாவதைத் தளர்த்துகிறது. ஆறு வயதான விளையாட்டின் மிச்ச வசூலாக இதைக் கணக்கிடுவது பிழை. மூன்றாவதான இறுதிப் பாகத்துக்கான ஆள்சேர்ப்பு இங்கேதான் தொடங்குகிறது. அப்பாகத்தின் நாளைக் குறிப்போர் பஞ்சாங்கத்தைவிட, மிட்காரை விட்டு வெளியேறியவர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதே பொருத்தம்.