அழைக்கப்பெறாத வெற்றியாளர்

விளையாட்டின் கதையும் வரலாறாகுமோ என்று நம்மவருட் சிலர் வினவுவர். அரசரும் போரும் புலவரும் நிறைந்த ஏடுகளில் பந்தாடிய பிள்ளைகட்கு இடம் யாது என்பது அவர்தம் எண்ணம். அன்னோர்க்கு விடையாக, அமெரிக்க நாட்டில் 1951-ஆம் ஆண்டில் ஒரு கல்லூரிக் குழாத்திற்கு நேர்ந்ததனை ஈண்டு எழுதப் புகுகின்றேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பந்தாடும் இளைஞர் பலராதலின், அவர்களும் இதனைப் படித்தல் நன்று.

முதற்கண் அவ்வாட்டத்தின் இயல்பு கூறல் வேண்டும். பெயர் 'புட்பால்' எனினும், நம் ஊர்த் திடல்களிற் காலால் உதைத்தாடும் ஆட்டம் அன்று அது. பக்கத்துக்குப் பதினொருவர் நிற்பர். இருபுறமும் குவிந்த பந்தைப் பெரும்பாலும் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவர். ஓடுவானை எதிரிகள் பாய்ந்து பற்றித் தரையில் வீழ்த்துவர். சடுகுடு ஆடியறிந்தார்க்கு அதன் கடுமை எளிதில் விளங்கும். இலையுதிர் காலத்தில் கல்லூரிகள் தம்முள் பொருதி முடித்தபின், சிறந்த குழாங்களைப் புத்தாண்டை ஒட்டி நடைபெறும் 'பவுல்' என்னும் பெரும்பந்தயங்களுக்கு அழைப்பது அந்நாட்டு வழக்கம். அழைப்பு வந்தாற் புகழும் வரும், பொருளும் வரும்.

சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை, நம் வீரமாமுனிவர் சார்ந்திருந்த இயேசு சபையாரால் நடத்தப்பெறுவது. அக்காலத்தில் அது சிறிய நிலையம். ஆட்டத்திற்குச் செலவிடப் பெரும்பொருள் இல்லாதது. அதன் பயிற்சியாசிரியர் ஜோ குஹாரிச் என்பார், மாணவரைக் கார்னிங் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்று கோடை வெயிலிற் கடும்பயிற்சி தந்தார். ஐரோப்பியப் போர்முனையிற் படைவீரராயிருந்து மீண்ட ஜீனோ மார்ச்செட்டியும், ஆறடி ஒன்பதங்குல உயரமுடைய பாப் செயின்ட் கிளேரும் அக்குழாத்திலிருந்தனர். கறுப்பின மாணவர் இருவர்: ஒருவர் ஆலி மாட்சன், மற்றவர் பர்ல் டோலர். முன்னவர் டெக்ஸஸ் நாட்டிற் பிறந்தவர். பின்னவர் டென்னசியின் மெம்பிஸ் நகரத்தவர். இருவரும் தென்மாநிலத்துப் பிள்ளைகளே என்பதனை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

அவ்வாண்டு ஒன்பது ஆட்டம் ஆடினர், ஒன்பதும் வென்றனர். நியூயார்க்கிற் போர்டம் கல்லூரியை 32-க்கு 26 என்று வென்றதே மிக நெருங்கிய ஆட்டம். அன்று, எதிரிகள் உதைத்தனுப்பிய பந்தைத் தம் எல்லையருகே ஏந்தி, திடல் முழுவதும் ஓடி மறுகோடியை எட்டிய செயலை மாட்சன் ஒரு முறையன்று, இரு முறை செய்தார். பசிபிக் கல்லூரியை 47-க்கு 14 என வீழ்த்தினர். இறுதியாக, பாசடீனா நகரத்து ரோஸ் பவுல் திடலில், நம் சென்னைக் கல்லூரியின் பெயரையே உடைய லயோலாவை 20-க்கு 2 என வென்றனர். அப்பருவத்தில் மாட்சன் பந்தேந்தி ஓடிய தொலைவு 1,566 கஜம். எல்லை கடந்தது 21 முறை. ஓட்டத்தில் நாட்டிலேயே முதல்வர் அவரே.

ஆடி முடித்த அத்திடலிற் புத்தாண்டன்று நிகழும் ரோஸ் பவுல் பந்தயமோ வேறிரு கூட்டத்துக் கல்லூரிகளுக்கென்று ஒப்பந்தத்தாற் கட்டுண்டு கிடந்தது. எஞ்சிய பெரும்பந்தயங்களுள் ஆரஞ்சு பவுல் மயாமியிலும், சுகர் பவுல் நியூ ஆர்லியன்ஸிலும், கேட்டர் பவுல் ஜாக்சன்வில்லிலும் நடப்பன. இம்மூன்றும் தெற்கே, பள்ளியிலும் வண்டியிலும் உணவுச்சாலையிலும் கறுப்பரை வேறாக ஒதுக்கிவைத்த நாடுகளில் உள்ளவை. அத்தெற்கிலிருந்து செய்தி வந்தது: மாட்சனும் டோலரும் இன்றி வரின் இடமுண்டு. அவ்வணியினர் பிற்காலத்திற் கூறிய சாட்சியத்தின்படி, பயிற்சியாசிரியர் இதனைத் தெரிவித்தபொழுது வாதமும் நிகழவில்லை, வாக்கெடுப்பும் நிகழவில்லை. இருவரை விடுத்துச் செல்லோம் என்று விடுத்தனர்.

இஃது எத்தகைய அழைப்பு என்பதனை நம் நாட்டவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. "உம்மோடு வந்த இருவரைத் திண்ணையில் இருத்திவிட்டு நீவிர் உள்ளே வந்து உண்க" என்பதனை நம் பாட்டனார் காலத்துங் கண்டோம். அதற்குப் பின்னும் கண்டோம். பந்திவஞ்சனை என்று ஒரு சொல்லையே நம் மொழி வைத்திருக்கின்றது. அவ்வேளையில் இலையை விட்டெழுந்தவர் சிலர். தலைகுனிந்து உண்டவர் பலர். சான் பிரான்சிஸ்கோ மாணவர் எழுந்தவராயினர். அவருட் பெரும்பாலார்க்கு இருபதினைச் சூழ்ந்த வயதே. பெருமேடையில் ஒரு நாள் நின்று ஆடிவிட்டால் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொள்ளலாம் என்ற ஆசை இல்லாதவரும் அல்லர்.

விலையும் கொடுத்தனர். செலவு தாங்காது அப்பருவத்தோடு கல்லூரி அவ்வாட்டத்தையே நிறுத்திவிட்டது. ஒரு பந்தயத்தின் வருவாய் அதனைக் காத்திருக்கும் என்பார் உளர். ஓராண்டுப் பொருள் பல்லாண்டுக் குறையை அடைக்கும் என்று யான் நம்புகின்றிலேன். எவ்வாறாயினும், படிப்பு முடியாத செயின்ட் கிளேர் வேறு கல்லூரி தேடிப் போக நேர்ந்தது.

பின்னர் அவ்விளைஞர் அடைந்த நிலை வியக்கத்தக்கது. மாட்சன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் பெற்றார். அவரும் மார்ச்செட்டியும் செயின்ட் கிளேரும் தொழில்முறை ஆட்டத்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். அக்குழாத்தின் செய்திகளைப் பத்திரிகைகட்கு எழுதியனுப்பிய பீட் ரோசெல் என்னும் இளைஞர், 1960-இல் தேசியச் சங்கத்தின் ஆணையராக அமர்ந்து 1989 வரை அதனை நடத்தினார்.

டோலருக்கு மட்டும் ஆடும் வாழ்வு கிட்டவில்லை. 1952-இல் ஒரு காட்சிப் பந்தயத்தில் முழந்தாள் சிதைந்தது. அவர் ஆசிரியத் தொழில் மேற்கொண்டு தலைமையாசிரியராக உயர்ந்தார். ஆசிரியனாகிய எனக்கு இக்கதையில் மிக நெருங்கியவர் அவரே. 1965-இல் தேசியச் சங்கத்தின் முதற் கறுப்பின நடுவராகவும் அமர்த்தப்பெற்றார். 2009-இற் காலமானார்.

அக்கலாசாலையில் மாணவர் உறையும் விடுதியொன்று நெடுங்காலம் ஜேம்ஸ் பீலன் பெயரால் வழங்கிற்று. அந்நகரத் தலைவராயும் நாட்டு மேலவை உறுப்பினராயும் இருந்த அப்பீலன், கலிபோர்னியாவை வெள்ளையர்க்கே உரியதாக வைத்தல் வேண்டும் என்று 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் முழங்கியவர். 2017-இல் அப்பெயரை அகற்றி, அவ்விடுதிக்குப் பர்ல் டோலர் பெயரைச் சூட்டினர்.