பனிச்சரிவும் பாரம் சுமந்தோரும்

மலையேற்றத்தின் வரலாறு பெரும்பாலும் சிகரங்களை அடைந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வழியில் மாண்டோர் பற்றிய குறிப்புகள் அதன் ஓரங்களிலேயே இடம்பெறுகின்றன. எவரெஸ்ட் மலையில் வசந்த காலத்திலும் அதனையடுத்த கோடைத் தொடக்கத்திலும் நேர்ந்த பனிச்சரிவுகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பனிச்சரிவு ஆளறிந்து விழுவதில்லை; ஆயினும் அது விழும் இடத்தில் யார் நிற்கவேண்டும் என்பதை மனிதர் வகுத்த தொழில் ஒழுங்கே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது.

பனிச்சரிவு ஏற்படும் முறையை முதலிற் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமாகும். மலைச்சரிவிற் பனி படைபடையாகவே படிகின்றது. புதிய படை பழைய படையுடன் நன்கு பிணையுமுன் அதன்மீது பாரம் ஏறுமாயின், மேற்படை பலகைபோலப் பிளந்து வழுக்கிச் செல்லும். இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையான சாய்வுகளிலேயே நிகழ்கின்றன. வசந்த காலத்தில் உருகுநீர் படைகளினூடே இறங்கி அவற்றின் பிணைப்பைத் தளர்த்துகின்றது. இதனாலேயே பனிச்சறுக்குவோரும் மலையேறுவோரும் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஆபத்தான சரிவுகளைக் கடந்துவிட முயல்வர். பனியாற்றின் விளிம்பில் தொங்கும் பனிக்கட்டிப் பாறைகளோ இவ்விதிக்கு அடங்குவனவல்ல. பனியாற்றின் நகர்வினால் அவை எந்நேரத்திலும் உடைந்து விழக்கூடியன.

1922ஆம் ஆண்டு ஜெனரல் சார்ள்ஸ் புரூஸ் தலைமையிலான பிரித்தானியக் குழு திபெத்து வழியாக எவரெஸ்டின் வடபுறத்தை அடைந்தது. மே மாத முயற்சிகளுள் ஒன்றில் ஜோர்ஜ் பிஞ்சும் ஜெப்ரி புரூஸும் ஒட்சிசன் துணையுடன் 8,300 மீற்றர் அளவான உயரத்தை எட்டினர். பின்னர் பருவக்காற்று நெருங்கிப் பெரும்பனி பொழிந்தது. பனி இறுகுவதற்கு ஒரு நாள் மட்டும் காத்திருந்தபின், யூன் 7ஆம் நாள் மலோரி, சோமர்வெல், குரோபர்ட் ஆகிய மூவரும் பதினான்கு சுமைகாரருடன் வடகணவாயை நோக்கி ஏறினர். பதினெழுவரும் நான்கு கயிறுகளிற் பிணைக்கப்பட்டிருந்தனர். நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் சரிவு பிளந்தது. முன்கயிற்றில் நின்ற பிரித்தானியர் மூவரும் பனியிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டனர். பின்னால் வந்த சுமைகாரருள் ஒன்பதின்மர் பனிக்கட்டிச் செங்குத்தொன்றின் மேலாகப் பிளவினுள் எறியப்பட்டனர். அவர்களுள் இருவரே உயிருடன் மீட்கப்பட்டனர், எழுவர் மாண்டனர்.

மாண்டோருள் பிரித்தானியர் எவருமிலர். இவ்வுண்மை உயிர்தப்பியோரை நெடுங்காலம் உறுத்திற்று. மலோரி தம்மையே குற்றஞ்சாட்டிக் கடிதங்கள் எழுதினார். தம்மவருள் ஒருவரேனும் அம்முடிவிற் பங்குகொண்டிருக்கலாகாதா என்னும் ஏக்கத்தைச் சோமர்வெல் பிற்காலத்தில் நூலொன்றிற் பதிவுசெய்தார். அறுவை வைத்தியரான அவர் அப்பயணத்தின் பின்னர் இந்தியாவின் தென்முனைவரை சென்றார். அக்காலத்தில் தென் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், நோயாளர் கூட்டத்தின் நடுவே தகுதிபெற்ற ஒரேயொரு அறுவை வைத்தியர் திணறுவதைக் கண்டு, இங்கிலாந்தில் தமக்குக் காத்திருந்த வாய்ப்புகளைத் துறந்து அங்கேயே பணிபுரிய முடிவுசெய்தார். பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்தார். எனினும், தனிமனிதரின் மனச்சான்று மலையின் தொழில் ஒழுங்கை மாற்றிவிடவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் திபெத்து வழி அடைபட, நேபாள வழி திறந்தது. அவ்வழியே 1953இல் ஷேர்பா ஒருவரும் நியூசிலாந்தவர் ஒருவரும் சிகரத்தை எட்டினர். டென்சிங் நோர்கேயின் புகழ் ஷேர்பா இனத்தவரை உலகறியச் செய்தது உண்மையே. ஆனால், அவ்வழியில் அடிமுகாமுக்கு மேலே கும்பு பனியாறு உடைந்து செங்குத்தாக இறங்கும் பகுதி உள்ளது. அதனை ஏறுவோர் சிலமுறையே கடப்பர். கூடாரம், உணவு, கயிறு, ஒட்சிசன் ஆகியவற்றைச் சுமப்போரோ மீண்டும் மீண்டும் கடக்கவேண்டும். 1970ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள், எவரெஸ்டிலிருந்து பனிச்சறுக்கி இறங்க விரும்பிய யூயிச்சிரோ மியூராவின் யப்பானியக் குழுவிற் பணியாற்றிய ஷேர்பாக்கள் அறுவர் அப்பகுதியில் மாண்டனர். அடுத்த மாதம் மியூரா தென்கணவாய்க்கு அருகிலிருந்து சறுக்கி இறங்கினார். அம்முயற்சி பற்றிய ஆவணப்படம் ஒஸ்கார் விருதும் பெற்றது.

2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் காலை, மேற்குத் தோளிலிருந்து உடைந்த பனிக்கட்டிப் பாறை அதே பகுதியில் வீழ்ந்தது. மாண்ட பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளரே. வைகறையிற் கடத்தல் என்னும் விதியை அவர்கள் மீறியிருக்கவில்லை. ஈமச் செலவுக்கென அரசாங்கம் முதலில் அறிவித்த 40,000 நேபாள ரூபா பெரும் சினத்தைத் தூண்டிற்று. ஷேர்பாக்கள் மேலும் ஏற மறுத்தனர். நேபாளப் புறத்தில் அவ்வாண்டின் வசந்தகால ஏற்றம் ஏறக்குறைய முற்றாக நின்றது. அவர்களது காப்புறுதித் தொகை பத்து இலட்சத்திலிருந்து பதினைந்து இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. 1922இல் பிரித்தானியரின் துயரமாக எழுதப்பட்டது, 2014இல் தொழிலாளரின் உரிமைக் குரலாக ஒலித்தமை வரலாற்று மாற்றமெனலாம்.

மறு ஆண்டு நிகழ்ந்தது இக்கருத்தை வேறொரு வகையில் உறுதிசெய்கின்றது. 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் நிலநடுக்கம் எழுப்பிய பனிச்சரிவு அனைவரும் தங்கியிருந்த அடிமுகாமைத் தாக்கியபோது, நேபாளரும் பிறநாட்டவரும் ஒருங்கே மாண்டனர். அனைவரும் ஓரிடத்தில் இருந்தவிடத்துப் பனி வேறுபாடு காட்டவில்லை. பனியின் படைகளையும் சாய்வையும் வெப்பத்தையும் அளந்தறியும் கலை 1922இற்குப் பின்னர் பெரிதும் வளர்ந்துள்ளது. அவ்வளர்ச்சி ஆபத்தைக் குறைக்கலாம். எஞ்சும் ஆபத்தை யார் எத்தனை முறை சுமப்பது என்பதை அது தீர்ப்பதில்லை. அவ்வினா கூலிக்கும் நீதிக்கும் உரியது. மலையேற்ற வரலாற்றை எழுதுவோர் சிகரத்தின் உயரத்தோடு அதனையும் அளத்தல் வேண்டும்.