தோண்டுவதா, தூக்குவதா? கடலோர கார் பார்க்கிங்கின் கதை

2004 அக்டோபரில் கல்பாக்கத்தில் அதிவேக ஈனுலையின் கட்டுமானம் தொடங்கியது. அஸ்திவாரத்துக்குப் பெரிய பள்ளம் தோண்டினார்கள். இரண்டே மாதம்தான்.. டிசம்பர் 26 காலை சுனாமி வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டுப் போனது. பக்கத்து அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸுக்குள்ளும் கடல்நீர் புகுந்ததால், ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை நிறுத்த வேண்டி வந்தது.

அணு உலைக்கும் கார் பார்க்கிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இந்தக் கரையில் தரைக்குக் கீழே எதைக் கட்டினாலும் எதிரி ஒன்றுதான்: தண்ணீர். அதற்கு சுனாமியே தேவையில்லை. இரண்டு தள பேஸ்மென்ட்டுக்கு 7 மீட்டர் தோண்டுகிறார்கள், நிலத்தடி நீர் 2 மீட்டரிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 5 மீட்டர் தண்ணீர், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 5 டன் விசையோடு மேலே தள்ளும். காலி பேஸ்மென்ட் என்பது மண்ணுக்குள் மிதக்கப் பார்க்கும் படகு! மேலே மாடிகளின் எடை ஏறும்வரை பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் கனமான கான்கிரீட் தளம், கசிவுத் தடுப்பு, சாய்தளம், காற்று வெளியேற்றும் விசிறிகள், மோட்டார்.. செலவு முடிவதே இல்லை.

அதனால் பில்டர்கள் கட்டடத்தைத் தூண்களில் தூக்கி, கீழே கார்களை விட்டார்கள். இதுதான் ஸ்டில்ட் பார்க்கிங். சென்னை விதிகளில் பார்க்கிங் பரப்பு தளப்பரப்புக் கணக்கில் (எஃப்.எஸ்.ஐ.) சேராது, ஆக விற்கும் சதுர அடி குறையாது. ஒரு காருக்கு 2.5க்கு 5 மீட்டர் இடம் வேண்டும், வண்டி திரும்பும் வழியோடு கணக்கிட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிடும். பிறகு அந்த இடத்தையே தனியாக விலை பேசினார்கள். 2010 ஆகஸ்டில், மும்பை வழக்கு ஒன்றில், ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், அதை ஃபிளாட் போலத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் வீடு வாங்கப் போனால் "கவர்டு கார் பார்க்கிங்" என்று தனி வரி இருக்கத்தான் செய்கிறது.

தூக்கிக் கட்டினால் மட்டும் பாதுகாப்பா? 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழே சுவரே இல்லாமல் தூண்களில் நின்றவை. மேலே கனம், கீழே வெறும் கால்கள். 2002ல் திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்கத் தரவிதி, இப்படிப்பட்ட திறந்த தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது. அதே திருத்தத்தில் சென்னையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. 2002க்கு முன் எழுந்த ஸ்டில்ட் கட்டடங்களைப் பற்றித்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும். அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மாமல்லபுரம் பக்கம் கதை கொஞ்சம் வேறு. 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி கடலோர ரிசார்ட்டுகள் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. பேஸ்மென்ட் கட்டலாம், ஆனால் நிலத்தடி நீரோட்டத்தைத் தடுக்காது என்று மாநில நிலத்தடி நீர் அமைப்பிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மேலேயும் பூட்டு, கீழேயும் பூட்டு!

2015 டிசம்பர் வெள்ளம் சென்னையில் பேஸ்மென்ட்டையும் விடவில்லை, ஸ்டில்ட்டையும் விடவில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு. ஸ்டில்ட்டில் புகுந்த தண்ணீர் வடிந்தால் தானே வெளியேறும். பேஸ்மென்ட்டில் புகுந்தது, யாராவது இறைக்கும்வரை அங்கேயே நிற்கும். கார் போனால் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆள் உள்ளே இருந்தால்? 2024 ஜூலை 27 அன்று டெல்லி ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட்டில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பார்க்கிங்குக்கும் பொருட்கள் வைக்கவும் அனுமதி வாங்கிய அந்த இடத்தில் நூலகம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தது. வேளச்சேரிக்காரர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தையும் நம்பவில்லை, தெருவையும் நம்பவில்லை. மழை வலுக்கும் முன்பே கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு, வீட்டுக்கு நடந்து வந்தார்கள்.