கால் மூட்டுகளின் நெகிழ்வுத்தன்மை

கால் மூட்டுகளின் நெகிழ்வுத்தன்மை என்பது இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகள் வலியின்றி எந்த அளவுக்கு அசையக்கூடும் என்பதைக் குறிக்கும். இவ்வசைவின் அளவு இயக்க வீச்சு எனப்படும். இது கோணமானி என்னும் எளிய கருவியைக் கொண்டு பாகைகளில் அளக்கப்படுகின்றது. நோயோ காயமோ இல்லாத வயதுவந்தோரிடையேயும் இவ்வீச்சு ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது. எலும்பின் வடிவம், மூட்டைச் சூழ்ந்த இழையங்கள், பால், வயது, பழக்கம், நரம்புத் தொகுதியின் செயற்பாடு ஆகியன இதற்கான முதன்மைக் காரணிகளாகும். இவற்றுட் சில பயிற்சியால் மாறக்கூடியவை, சில மாறாதவை.

இயல்பான அளவுகள்

அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் கழகம் 1965 இல் வெளியிட்ட அளவுகள் நெடுங்காலமாக மேற்கோளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றின்படி:

* இடுப்பு மூட்டை முன்புறம் மடக்கல் – 120 பாகை
* முழங்காலை மடக்கல் – 135 பாகை
* பாதத்தை மேல்நோக்கி மடக்கல் – 20 பாகை
* பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டல் – 50 பாகை

இவ்வளவுகள் எல்லா மக்களுக்கும் பொருந்துவன அல்ல. குந்துதல், மண்டியிடுதல், சம்மணமிடுதல் ஆகியவற்றின்போது 30 இந்தியர்களின் மூட்டு அசைவுகளை அளந்து 2006 இல் வெளியான ஆய்வொன்றில், குந்தும்போது முழங்கால் சராசரியாக 150 பாகைக்கும் மேலாக மடங்கியது. எனவே நாற்காலியில் அமரும் சமூகத்தில் போதுமான வீச்சு, தரையில் அமரும் சமூகத்தின் அன்றாடத் தேவைக்குப் போதாமற் போகலாம்.

உடலமைப்புக் காரணிகள்

எலும்பு: தொடையெலும்பின் கழுத்துப் பகுதி வயதுவந்தோரில் ஏறத்தாழ 10 முதல் 15 பாகை வரை முன்னோக்கித் திரும்பியிருக்கும். இக்கோணம் மிகுந்தோருக்குக் காலை உட்புறம் திருப்புவது எளிது. குறைந்தோருக்கு வெளிப்புறம் திருப்புவது எளிது. வளர்ச்சி முடிந்தபின் இதனைப் பயிற்சியால் மாற்ற இயலாது.

தசைநாரும் மூட்டுறையும்: எலும்பை எலும்புடன் பிணைப்பவை தசைநார்கள், மூட்டை மூடியிருப்பது மூட்டுறை. இடுப்பெலும்பையும் தொடையெலும்பையும் முன்புறமாகப் பிணைக்கும் தசைநார் மிகவும் வலியது. தொடை பின்னோக்கிச் செல்வதைத் தடுப்பது பெரும்பாலும் இதுவேயாகும்.

தசை: இரண்டு மூட்டுகளைக் கடந்து செல்லும் தசைகள் இரண்டின் அசைவையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகின்றன. முழங்காலை மடக்கினால் தொடையை வயிற்றை நோக்கி நன்கு உயர்த்தலாம். முழங்காலை நேராக வைத்தால் தொடையின் பின்புறத் தசைகள் இழுபட்டு, அவ்வுயரத்துக்கு முன்பே தடுத்துவிடும். கெண்டைக்கால் தசையும் கணுக்கால் அசைவை இவ்வாறே கட்டுப்படுத்துகின்றது. முழங்காலை முழுமையாக மடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் ஒன்றையொன்று தொடுவதும் ஓர் எல்லையாகும். இதனாற் பருத்த தொடையுடையோருக்கு இவ்வீச்சு குறையும்.

மூட்டின் விறைப்பில் ஒவ்வோர் இழையத்தின் பங்கையும் அளந்த முன்னோடி ஆய்வு 1962 இல் ஜான்ஸ், ரைட் ஆகியோரால் வெளியிடப்பட்டது. அதில் மூட்டுறையின் பங்கு 47%, தசையின் பங்கு 41%, தசைநாணின் பங்கு 10%, தோலின் பங்கு 2% எனக் கண்டறியப்பட்டது. இவ்விழுக்காடுகள் பூனையின் மணிக்கட்டில் அளக்கப்பட்டவை. அவற்றை மனிதரின் கால் மூட்டுகளுக்கு அப்படியே பொருத்துதல் சரியன்று.

பாலும் பரம்பரையும்

2 முதல் 69 வயது வரையிலான 674 நலமுடையோரை அளந்து 2011 இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான மூட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இயக்க வீச்சு மிகுந்து காணப்பட்டது. சிலருக்கு இழையங்களே இயல்பில் தளர்வாக அமைகின்றன. இது மிகையசைவு எனப்படும். இதனை மதிப்பிட 1973 இல் வெளியான பெய்ட்டன் அளவுகோலில் மொத்தம் 9 புள்ளிகள் உள்ளன. முழங்கால் 10 பாகைக்கு மேல் பின்னோக்கி வளைந்தால் காலொன்றுக்கு ஒரு புள்ளி தரப்படும்.

பழக்கமும் பயிற்சியும்

உடல் சூடேறியபின் இழையங்கள் எளிதில் நீள்கின்றன. குதியுயர்ந்த காலணிகளை நெடுங்காலம் அணிவோருக்குக் கெண்டைக்கால் தசையிழைகள் குறுகி, கணுக்கால் அசைவு குறைவதுண்டு.

நீட்சிப் பயிற்சியால் தசை நீண்டுவிடுகின்றது என்பது பரவலான கருத்து. எனினும், ஒரு காலுக்கு மட்டும் மூன்று வாரம் பயிற்சியளித்து 1996 இல் வெளியான ஆய்வில், அக்காலின் வீச்சு கூடியபோதும் தசையின் விறைப்பு மாறவில்லை. இழுபடும் உணர்வைத் தாங்கும் திறனே கூடியிருந்தது. ஆகவே குறுகிய காலப் பயிற்சியில் தசையைப் போன்றே நரம்புத் தொகுதிக்கும் முக்கிய பங்குண்டு.

வயது

முதுமையில் மூட்டுகள் இறுகுவது இயற்கையே எனப் பலரும் கருதுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் 25 முதல் 74 வயது வரையிலான 1,683 பேரின் இடுப்பு, முழங்கால் அளவுகளை ஆராய்ந்த 1991 ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. இளையோருக்கும் முதியோருக்கும் இடையிலான வேறுபாடு பொதுவாகச் சிறிதே. தொடையைப் பின்னோக்கி நீட்டும் அசைவில் மட்டுமே அது 20 விழுக்காட்டைத் தாண்டியது. இவ்வசைவு குறைந்தால் நடையின் எட்டு குறுகும். ஏனைய அசைவுகளிற் பெரிய அளவிலான இழப்பு ஏற்பட்டால், அதனை இவ்வயதினரிடம் மூப்பின் விளைவாகக் கொள்ளாது, மூட்டுத் தேய்வு போன்ற காரணங்கள் உள்ளனவா என ஆராய்தல் வேண்டும் என்பதே அவ்வாய்வின் முடிவாகும்.